ரேங்க் கார்டைப் பார்க்காத அப்பா

புதுச்சேரி வானொலி நேயர்களுக்கு என் வணக்கம்.

கடலூர் மாவட்டத்துப் பள்ளிகளில் முப்பத்தொரு ஆண்டுகள் ஆசிரியையாகவும் தலைமை ஆசிரியையாகவும் இருந்து ஓய்வு பெற்றவள் நான். இன்று நான் சொல்லப்போவது ஒரு தவற்றைப் பற்றி. அதைச் செய்தவளும் நான்தான்.

நான் தலைமை ஆசிரியையாக இருந்த ஒரு பள்ளிக்கு, காலாண்டுத் தேர்வின் ரேங்க் கார்டு கொடுத்த மறுநாள் ஒருவர் வந்தார். சேதராப்பட்டில் லேத் பட்டறைத் தொழிலாளி. எங்கள் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தந்தை. கணவனும் மனைவியும் பிரிந்து ஓராண்டு ஆகியிருந்தது. பெண் அம்மாவோடு கடலூரில் இருந்தாள். "டீச்சர், பாப்பா எப்படிப் படிக்கிறாள் என்று மட்டும் சொல்லுங்கள். அவளைக் கூப்பிடக்கூட வேண்டாம்" என்றார். நான் நாற்காலியை விட்டு எழாமலேயே, "உங்கள் வீட்டுச் சண்டையைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவராதீர்கள். எதுவானாலும் அவள் அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. வெளியே பூவரச மரத்தடியில் சிறிது நேரம் நின்றார், பிறகு போய்விட்டார்.

அந்த ரேங்க் கார்டில் வகுப்பாசிரியை ஒரு வரி எழுதியிருந்தார்: "கரும்பலகை தெரியவில்லை என்கிறாள், கண் பரிசோதனை தேவை." அம்மா ஜவுளிக்கடையில் காலை ஒன்பது மணியிலிருந்து இரவு ஒன்பது மணி வரை நின்றுகொண்டே வேலை செய்பவர். களைத்து வந்த இரவில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டார். அரையாண்டிலும் முழு ஆண்டிலும் அந்தப் பெண்ணின் கணக்கு மதிப்பெண் சரிந்துகொண்டே போனது. ஜூன் மாதம் அம்மா பள்ளிக்கு வந்தபோது பேச்சுவாக்கில் தந்தை வந்துபோனதைச் சொன்னேன். அவர் என்னை வியப்போடு பார்த்தார். "அவர் கேட்டால் சொல்லியிருக்கலாமே டீச்சர். நான் சொல்ல வேண்டாம் என்று எப்போது சொன்னேன்?" என்றார்.

அன்று மாலையே தந்தைக்குத் தகவல் போயிற்று. அந்த வாரமே மகளைத் தவளக்குப்பம் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போய்க் கண்ணாடி வாங்கிக் கொடுத்தார். ஆனால் அந்தக் குழந்தை ஒரு கல்வியாண்டு முழுவதும் கரும்பலகையை மங்கலாகவே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மா மறுக்கவில்லை, நீதிமன்றமும் தடுக்கவில்லை. தடுத்தது நான்.

பிரிந்த பெற்றோரில் ஒருவர் வந்து விசாரித்தால், "கஸ்டடி உங்களிடம் இல்லையே" என்று பல பள்ளிகள் சொல்லிவிடுகின்றன. கஸ்டடி என்பது குழந்தை யாரோடு தங்கி வளர வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது. அது கிடைக்காததால் மட்டும் ஒருவர் தந்தையோ தாயோ இல்லாமல் போய்விடுவதில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பெற்றோர் என்ற சொல்லுக்குப் பொருள் சொல்லும்போது, பெற்ற, மறுமணத்தால் வந்த அல்லது தத்தெடுத்த தந்தை அல்லது தாய் என்றுதான் சொல்கிறது. குழந்தை யார் வீட்டில் இருக்கிறது என்ற கேள்வியே அங்கே இல்லை. அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு, ஆசிரியர்கள் பெற்றோரையும் காப்பாளரையும் முறையாகக் கூட்டிச் சந்தித்து, குழந்தையின் வருகை, கற்கும் திறன், படிப்பில் முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான குழந்தைகளுக்கான சட்டம் இது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் இருந்த நான் இந்த வரிகளை ஓய்வு பெற்ற பிறகுதான் நிதானமாகப் படித்தேன். இதைச் சொல்ல எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டிலேயே கல்விப் பதிவேடுகளுக்கென்று ஒரு சட்டம் வந்தது. நீதிமன்ற ஆணையோ வேறு சட்டமோ தடுத்திருப்பதற்கான சான்று பள்ளியிடம் இல்லாத வரை, தாய் தந்தை இருவருக்குமே பிள்ளையின் பதிவேடுகளைப் பார்க்கும் உரிமை அங்கே உண்டு. பள்ளி 45 நாட்களுக்குள் காட்டியாக வேண்டும். நம் சட்டங்களில் இது அவ்வளவு நேராக எழுதப்படவில்லை. ஆனாலும் உச்ச நீதிமன்றம் 2020இல் ஒரு வழக்கில், பிரிந்த பெற்றோர் இருவரின் அன்பையும் பெறும் உரிமை குழந்தைக்கு உண்டு என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. குழந்தையின் நலனே முதன்மையானது என்று மைனர் பிள்ளைகளுக்கான 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் காப்பாளர் சட்டமும் சொல்கிறது.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் சில தாய்மார்களுக்கு நெஞ்சு படபடக்கும் என்று எனக்குத் தெரியும். அடியும் மிரட்டலும் தாங்க முடியாமல் குழந்தையோடு வெளியேறியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பள்ளிதான் பாதுகாப்பான இடம். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குழந்தை படிக்கும் பள்ளிக்குள் ஒருவர் நுழையக் கூடாது என்றே நீதித்துறை நடுவர் ஆணையிட முடியும். குழந்தையைப் பார்க்க அனுமதிப்பது தீங்காகும் என்றால் அதையும் மறுக்க முடியும். அப்படி ஓர் ஆணை உங்களிடம் இருந்தால், அதன் நகலை இன்றைக்கே தலைமை ஆசிரியரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். வாய்ச்சொல்லை வைத்துக்கொண்டு வாயிற்காவலர் என்ன செய்ய முடியும்?

ஆசிரியத் தோழர்களே, தகவல் சொல்வது வேறு, குழந்தையைக் கையில் ஒப்படைப்பது வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதால்தான் நான் அந்தத் தந்தையைத் திருப்பி அனுப்பினேன். மாலையில் குழந்தையை யார் அழைத்துப் போகலாம் என்பதில் கண்டிப்பாக இருங்கள். நீதிமன்ற ஆணை இருப்பதாகச் சொன்னால் முதல் பக்கத்தை மட்டும் பார்க்காமல் முழுவதையும் வாங்கிப் படியுங்கள். இடைக்கால ஆணையாக இருந்தால் அதற்குப் பின் வந்த ஆணை உண்டா என்று கேளுங்கள். மற்றவரின் வீட்டு முகவரியையும் கைபேசி எண்ணையும் எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள். ஆனால் தடை எதுவும் இல்லாதபோது மதிப்பெண், வருகை, உடல்நலக் குறிப்பு, பெற்றோர் கூட்டத்தின் தேதி ஆகியவற்றை மறைப்பதற்குக் காரணமே இல்லை. ரேங்க் கார்டை இருவரிடமும் காட்டும் வேலையை மட்டும் குழந்தையின் தலையில் கட்டிவிடாதீர்கள். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் காகிதம் சுமக்கும் பிள்ளைகளின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

தள்ளி நிற்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. அவர்களில் தாய்மாரும் உண்டு. மகன் தந்தையின் வீட்டில் பண்ருட்டியில் வளர, புதுச்சேரியில் தனியே வேலை பார்த்த ஒரு தாய், எங்கள் ஆண்டு விழாவுக்கு வந்து கடைசி வரிசைக்கும் பின்னால் நின்று, மகன் பரிசு வாங்கியதும் யார் கண்ணிலும் படாமல் போய்விட்டதை நான் மறக்கவில்லை. அம்மா, நீங்கள் ஒளிய வேண்டியதில்லை. மாலை நான்கு மணிக்குப் பள்ளி வாசலில் காத்திருக்கவும் வேண்டாம். அது குழந்தைக்குத்தான் சங்கடம். தலைமை ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பிள்ளையின் பெயர், வகுப்பு, பிரிவு, உங்களுக்கு வேண்டிய விவரம், உங்கள் எண் இவ்வளவும் போதும். பிறப்புச் சான்றிதழின் நகலையும், நீதிமன்ற ஆணை இருந்தால் அதன் நகலையும் சேர்த்துக் கொடுங்கள். மனைவியையோ கணவனையோ குறை சொல்லி ஒரு வரிகூட அதில் வேண்டாம்.

கடலூரிலும் புதுச்சேரியிலும் இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் குழப்பம். பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரும் ஊர்கள்தாம். ஆனால் கல்வித் துறைகள் வேறு வேறு. முறையீடு செய்ய வேண்டுமானால் பள்ளி எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்துக் கல்வித் துறையிடம்தான் போக வேண்டும். உயர் நீதிமன்றம் மட்டும் இரண்டுக்கும் சென்னைதான்.

மனமொத்து விவாகரத்துக்கு மனு எழுதும் வழக்கறிஞர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஜீவனாம்சத்துக்கும் நகைக்கும் பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள். "குழந்தையின் பள்ளித் தகவல்களை இருவரும் நேரடியாகப் பெறலாம்" என்று ஒரு வரியையும் சேர்த்துவிடுங்கள். அந்த வரி இல்லாமல் ஏற்கெனவே தீர்ப்பாகிவிட்டிருந்தாலும் வழி அடைத்துப் போகவில்லை. குழந்தையின் கல்வி தொடர்பாகத் தீர்ப்புக்குப் பிறகும் மனுச் செய்ய 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் இடம் தருகிறது. மற்ற சமயத்தினர் 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தின் வழியே போகலாம். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று தயங்குகிறவர்கள் 15100 என்ற எண்ணை அழைத்தால் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழி காட்டும். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் அங்கே இலவச உதவி உண்டு.

வரும் ஜூனில் சேர்க்கைப் படிவங்களை நிரப்பப்போகும் தலைமை ஆசிரியர்களே, தொடர்பு எண் என்ற இடத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது. அதற்குக் கீழே பேனாவால் ஒரு கோடு போட்டு, தாயும் தந்தையும் வேறு வேறு இடத்தில் இருந்தால் இரண்டு எண்களையும் எழுதி வாங்குங்கள்.

நன்றி. வணக்கம்.