மேற்குச் சுவரும் மொட்டை மாடியும்: சென்னைக்குப் பொருந்துகிற வீடு

[மொட்டை மாடி. இரவு ஒன்பதரை மணி. தரையில் வெறுங்கால்.]

இது மே மாதம். சூரியன் மறைந்து மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு நான் நிற்கிற இந்தத் தளம், அடுப்பை அணைத்த பிறகும் ஆறாத தோசைக்கல்லைப் போல இருக்கிறது. கால் சுட்டுவிடாது; ஆனால் ஒரே இடத்தில் நிற்க மனம் வரவில்லை. இதற்கு நேர் கீழே படுக்கையறை. அங்கே ஓடுகிற மின்விசிறி இந்தச் சூட்டைத்தான் கட்டிலில் படுத்திருப்பவர் மேல் இறக்கிக்கொண்டிருக்கிறது.

இயற்கையோடு இயைந்த நவீன வீடு என்று தேடிப் பாருங்கள். தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி, அதற்கு அப்பால் புல்வெளி, மலைச்சரிவு, கொஞ்சம் மூடுபனி. கண்ணுக்கு அழகுதான். ஆனால் அந்தக் கண்ணாடி குளிர்நாட்டில் வெயிலை வா என்று அழைப்பதற்காக வைத்தது. நமக்கு வெயில் அழையா விருந்தாளி. சென்னையில் அரை கிரவுண்டு மனை வைத்திருப்பவருக்கு இயற்கை என்பது உச்சிவெயில், கடற்காற்று, ஐப்பசி கார்த்திகை மழை, அப்புறம் கொசு. இவற்றுக்குப் பதில் சொல்லத் தெரிந்த வீட்டைப் பற்றித்தான் இந்த வீடியோ. கொசுவையும் விடப்போவதில்லை.

[வரைபடம்: வீட்டுக்கு மேலே சூரியன் நகரும் பாதை]

சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 13 பாகையில் இருக்கிறது. அதனால் ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்து நிற்கும். நட்டுவைத்த குச்சிக்கு நிழலே விழாது. இந்த இரண்டு தேதிகளுக்கும் இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் சூரியன் நமக்குச் சற்று வடக்கே நிற்கிறது. ஆக, கோடை முழுவதும் தெற்குச் சுவருக்கு நடுப்பகல் வெயில் தொல்லை கிடையாது. அடி முழுவதையும் வாங்குவது மாடித் தளம். பிற்பகலில் மேற்குச் சுவர்.

தளத்தைப் பற்றி நம் ஊர்க் கொத்தனார்களுக்கு ஒரு காலத்தில் நன்றாகவே தெரிந்திருந்தது. மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் எஞ்சியிருக்கும் பழைய வீடுகளில் அண்ணாந்து பார்த்தால் தேக்குக் கட்டைகள் வரிசையாகத் தெரியும். அது மெட்ராஸ் டெரஸ். கட்டைகளுக்கு மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, சுண்ணாம்புக் கலவையில் மூலைவாட்டமாக அடுக்குவார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, நாள்கணக்கில் கட்டையால் தட்டித் தட்டி இறுக்குவார்கள். கடைசியில் தட்டையான ஓடு பதிப்பார்கள். வெயில் இத்தனை அடுக்குகளையும் கடந்து கீழே வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

இன்றைக்கு நாம் போடுவது ஐந்தங்குலக் காங்கிரீட். அதன் மேல் ஜல்லியும் ஓடும் போடும் செலவை மிச்சம் பிடிக்க, சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சோடு முடித்துக்கொள்கிறவர்கள் உண்டு. அந்த மிச்சம் பிறகு ஏசி பில்லாகத் திரும்பி வரும்.

[கேமரா: வெள்ளை ஓடு பதித்த பக்கத்து மாடி]

பரிகாரம் என்ன? வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது மிகவும் மலிவு. ஒவ்வொரு கோடைக்கும் அடிக்க வேண்டும். வெள்ளை ஓடுகள் நன்றாக உழைக்கும், ஆனால் தூசி படிந்தால் கழுவ வேண்டும். இரண்டு வருடம் விட்டால் அவை வெள்ளை ஓடுகளாகவே இருக்காது. என்னைக் கேட்டால், தளத்துக்கு வண்ணம் பூசுவதைவிட நிழல் போடுவதே மேல். சோலார் தகடுகளை ஆள் நிமிர்ந்து நடக்கும் உயரத்தில் நிறுத்தினால் அவையே ஒரு பந்தல். தகட்டுக்கும் தளத்துக்கும் நடுவில் காற்று ஓடும். கீழே துணி காயும், வடாம் காயாது. அதற்கு வெயில் படும் ஒரு மூலையை விட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

இனி மேற்கு. தமிழில் காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் உண்டு. தெற்கிலிருந்து வந்தால் தென்றல், வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல். மேற்கிலிருந்து வருவதற்குக் கோடை என்றே பெயர். பருவத்துக்கும் காற்றுக்கும் ஒரே பெயர் வைத்தவர்களிடம், மேற்கே பார்த்துப் பெரிய ஜன்னல் வைக்கலாமா என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்?

நான் கேட்கவில்லை. வைத்தேன். ஆறடிக்கு நான்கடி, திறக்க முடியாத கண்ணாடி. கட்டிக்கொடுத்தவர், மேலே இரண்டடி சன்ஷேட் இருக்கிறது, கவலை வேண்டாம் என்றார். நானும் தலையாட்டினேன். கணக்குப் போட்டுப் பார்த்தது குடிவந்த பிறகுதான்.

[வரைபடம்: ஜன்னல், சன்ஷேட், சாய்ந்து விழும் கதிர்]

மே மாதம் மாலை நான்கு மணிக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 32 பாகை உயரத்தில் இருக்கும். அந்தச் சாய்வில் இரண்டடி சன்ஷேட் கொடுக்கும் நிழல் ஒன்றேகால் அடி. நான்கடி உயர ஜன்னலில் மீதி இரண்டேமுக்கால் அடி வழியாக வெயில் நேரே வந்து மெத்தையில் உட்காரும். ஐந்து மணிக்கு இன்னும் மோசம். இதே சன்ஷேடைத் தெற்கு ஜன்னலுக்கு மேல் வையுங்கள்: டிசம்பர் நண்பகலில்கூட இரண்டரை அடிக்கு மேல் நிழல் தரும். மேற்கில் தலைக்கு மேல் குடை பிடித்துப் பயனில்லை. முகத்துக்கு நேரே தடுப்பு வேண்டும். செங்குத்துப் பலகைகள், ஓட்டைக் கற்களால் கட்டிய ஜாலிச் சுவர், மூங்கில் தட்டி, அல்லது ஒரு மரம்.

மரம் என்றால் புங்கை. சீக்கிரம் வளரும், நிழல் அடர்த்தி. வேம்பும் புன்னையும் பொறுமை உள்ளவர்களுக்கு. 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்த மறுநாள் காலை, தெருத்தெருவாகச் சாய்ந்து கிடந்த மரங்களைப் பார்த்தவர்களுக்கு, பூவின் அழகுக்காக மட்டும் மரம் நடக்கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டாம்.

மரத்துக்கு இடமில்லையா? அறைகளையே தடுப்பாக்குங்கள். மாடிப்படி, குளியலறை, சாமான் அறை எல்லாவற்றையும் மேற்கே தள்ளிவிட்டால் வெயில் அவற்றைச் சுட்டுக்கொண்டிருக்கும். அங்கே யாரும் தூங்கப்போவதில்லை. தென்மேற்கு மூலை கனமாக இருக்க வேண்டும் என்று வாஸ்து பார்க்கிறவர்கள் சொல்வது இந்த இடத்தில் சரியாகவே பொருந்திவிடுகிறது. ஆனால் சமையலறையை அக்னி மூலையில், அதாவது தென்கிழக்கில் வை என்கிறார்களே, அங்கேதான் எனக்குச் சண்டை. ஏன் என்றால், சென்னையில் பிற்பகல் காற்று வருவதே அந்தப் பக்கமிருந்துதான்.

[காட்சி: திருவான்மியூர் கடற்கரை, பிற்பகல்]

காலையில் தரை சூடேறுகிறது. கடல் அவ்வளவு விரைவாகச் சூடாவதில்லை. தரைக்கு மேலுள்ள காற்று எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று கிளம்புகிறது. வெயில் காலத்தில் நண்பகலுக்குப் பிறகு அது கரையேறும், பெரும்பாலும் தென்கிழக்கிலிருந்து. மேற்குக் காற்று வலுவாக இருக்கும் நாளில் தாமதமாகும்; சென்னை மிகவும் தவிக்கிற நாட்கள் அவைதான். தாம்பரத்துக்காரர்கள் திருவான்மியூர்க்காரர்களைவிட இன்னும் கொஞ்சம் காத்திருக்க வேண்டும்.

அந்தக் காற்று வீட்டுக்குள் நுழையும் வாசலில் சமையலறையை வைத்தால், சாயங்காலம் அடைக்கு அரைத்த மிளகாய் நெடி படுக்கையறை அலமாரிவரை போய்ச் சேரும். ஐதிகத்தை மாற்ற முடியாத வீடுகளில், அடுப்புக்கு மேலே நல்ல புகைபோக்கியும் கூடத்துக்குத் தெற்கே இன்னொரு ஜன்னலும் கேட்டு வாங்குங்கள்.

ஈரப்பதம் மிகுந்த ஊரில் உடம்பைக் குளிர்விப்பது ஓடும் காற்று. செட்டிநாட்டின் கனத்த சுவரையும் அகன்ற முற்றத்தையும் அப்படியே இங்கே கொண்டுவந்தால் பாதிப் பலன்தான். அது வறண்ட மண்; இங்கே இரவிலும் புழுக்கம் குறைவதில்லை. காற்று நுழைய ஒரு வழி போதாது, வெளியேறவும் வழி வேண்டும். ஒரே ஜன்னல் உள்ள அறை, ஒரு பக்கம் மட்டும் திறந்த குடம்.

இங்கே ஜன்னலைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். புதிய குடியிருப்புகளில் பார்ப்பதெல்லாம் நகரும் கண்ணாடிக் கதவுள்ள ஸ்லைடிங் ஜன்னல். ஒரு கதவு இன்னொன்றின் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். நான்கடி ஜன்னலுக்குக் காசு கொடுத்துவிட்டு இரண்டடிக்குக் காற்று வாங்குகிறோம். அதிலும் கொசுவலை போட்டால் வேகம் இன்னும் குறையும். பிறகு காற்று வாங்கப் பெசன்ட் நகர் போகிறோம். கீல் வைத்து முழுவதும் திறக்கும் பழைய மரக்கதவு இந்த ஒரு விஷயத்தில் கெட்டிக்காரன். வலை இல்லாமல் இந்த ஊரில் வாழ முடியாது. ஆகவே வலைக்காகக் குறைவதையும் கணக்கில் சேர்த்து, ஜன்னலைப் பெரிதாக, தெற்கிலும் கிழக்கிலும் வையுங்கள்.

பக்கத்து வீட்டுச் சுவர் ஐந்தடியில் நிற்கிறது, எந்தத் திசையிலும் காற்று வராது என்பவர்களுக்கு மாடிப்படிக் கூண்டு இருக்கிறது. அதன் உச்சியில் திறப்பு வைத்தால் சூடான காற்று தானே மேலேறி வெளியேறும். பழைய வீட்டு முற்றம் செய்த வேலையில் ஒரு பகுதியை அது செய்யும்.

கடலோரத்துக்காரர்களுக்கு ஒரே ஒரு வரி: உப்புக்காற்று சாதாரண இரும்புக் கம்பியை விட்டுவைக்காது, கிரில்லையும் சரி, காங்கிரீட்டுக்குள் இருப்பதையும் சரி.

[காட்சி: மழை. பேவர் பிளாக் பதித்த முன்வாசலில் தேங்கிய தண்ணீர்]

மழைக்கு வருவோம். 2015 டிசம்பரில் முதல் மாடிவரை படகு வந்த ஊர் இது. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்ததும் இதே ஊருக்குத்தான். நான்கு வருட இடைவெளிகூட இல்லை.

ஆண்டு மழை சராசரியாக 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. 1,000 சதுர அடி மாடிக்குக் கணக்குப் போட்டால் வருடத்துக்கு 1 லட்சத்து 30 ஆயிரம் லிட்டர். சிந்தியது சிதறியது போக ஒரு லட்சம் என்று வையுங்கள். நமக்கு லாரியில் சொன்னால்தான் உறைக்கும்: 12,000 லிட்டர் லாரியில் எட்டுக்கும் மேல். மழைநீர் சேகரிப்பு 2003-லேயே தமிழ்நாட்டில் கட்டாயமாகிவிட்டது. ஆனால் குழாய் இருக்கிறது, குழாய் எங்கே போகிறது என்று வீட்டுக்காரருக்கே தெரியாத வீடுகள் உண்டு.

எங்கே போக வேண்டும் என்பதை மண் சொல்லும். பெசன்ட் நகர், திருவான்மியூர் மணலில் சாதாரணக் குழி போதும். களிமண் பகுதியில் குழி வெட்டினால் அது கொசுக் குளம்தான். களிமண்ணைத் தாண்டி மணல் தட்டும்வரை உறைகிணறு இறக்க வேண்டும். கொல்லையில் பழைய கிணறு இருந்தால் தயவுசெய்து மூடாதீர்கள். மாடித் தண்ணீரை வடிகட்டி அதற்குள் விடலாம்.

மனை வாங்கும்போது ஊர்ப் பெயரைக் காது கொடுத்துக் கேளுங்கள். பழவந்தாங்கலில் உள்ள தாங்கல் என்றால் சிறு ஏரி. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, ஏரியைத்தான் காணோம். தண்ணீருக்கு விலாசம் மறக்காது. தரைமட்டத்தைச் சாலையிலிருந்து தாராளமாக உயர்த்துங்கள், ஏனென்றால் ஒவ்வொரு முறை தார் போடும்போதும் சாலை வளரும், வீடு வளராது. அதற்காகவே முழு வீட்டையும் ஜாக்கி வைத்துத் தூக்குகிற தொழில் இங்கே நடக்கிறது.

[காட்சி: மேற்கு ஜன்னல், வெளிப்பக்கத்திலிருந்து]

வாடகை வீட்டில் இருப்பவர்கள், இதெல்லாம் எங்களுக்கு எதற்கு என்று கேட்கலாம். உங்களுக்கு ஒரு மூங்கில் தட்டி போதும். ஆனால் ஜன்னலுக்கு வெளியே கட்டுங்கள். உள்ளே தொங்கும் திரைச்சீலை வெயிலைத் தடுக்கும்போது, அது ஏற்கெனவே கண்ணாடியைத் தாண்டி அறைக்குள் வந்துவிட்டது. துணி சூடாகி அந்தச் சூட்டை அறையிலேயே விடும். என் மேற்கு ஜன்னலுக்கும் கடைசியில் அதுதான் வழியானது. தட்டியைக் கட்டிய அன்று, வீட்டின் முகப்பே கெட்டுப்போயிற்று என்று எதிர்வீட்டு மாமி வருத்தப்பட்டார். மூன்றாம் வாரம் மாலை நான்கு மணிக்கு ஏதோ கேட்க வந்தவர், அந்த அறையில் சற்று நேரம் நின்றுவிட்டு, எந்தக் கடை, அடி என்ன விலை என்று விசாரித்துக்கொண்டு போனார்.