பின்னுக்குப் போகாத பெடல்

நேயர்களுக்கு வணக்கம். ஒரு ஊரைப் பார்க்கவேண்டுமா, சைக்கிளில் ஏறிப் பாருங்கள் என்று நான் சொல்லாத ஆள் கிடையாது. இன்று உங்களிடம் சொல்கிறேன். ஊர் பெர்லின். அங்கே சைக்கிள் வாடகைக்குக் கொடுத்து, வழிகாட்டியையும் முன்னால் அனுப்புவார்கள். மேடு பள்ளம் அதிகமில்லாத ஊர், மூச்சு வாங்காது.

முதலில் பிரேக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாம் சைக்கிளை எடுக்கும்போது என்ன செய்வோம்? பெடலைப் பின்னுக்குச் சுற்றி மேலே கொண்டுவந்து, அப்புறம் ஏறி மிதிப்போம். கால் தானாகச் செய்கிற வேலை. எனக்குக் கொடுத்த சைக்கிளிலோ பெடல் பின்னுக்குப் போகவே இல்லை. பின்னுக்கு மிதித்தால் அதுதான் பிரேக்! பின்சக்கரத்து ஹப்புக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். மழையில் நனையாது, நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஐம்பது வருடப் பழக்கம் காலை விட்டுப் போகுமா? அலெக்சாண்டர்பிளாட்ஸில் கிளம்பி உன்டர் டென் லிண்டன் சாலையில் போகும்போது, சும்மா இருக்காமல் காலைப் பின்னுக்கு ஆட்டினேன். சக்கரம் கிறீச்சென்று நின்றது. பின்னால் வந்தவர் என் மட்கார்டில் முட்டினார். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார், நான் அவரிடம் கேட்கிறேன். வழிகாட்டிப் பெண் திரும்பிப் பார்த்து, "தினம் ஒருவராவது இப்படி நிற்பார்" என்றார். அன்று இன்னும் இரண்டு முறை நின்றேன். அதை விடுங்கள்.

அங்கே இன்னொரு வேடிக்கை. பதினைந்து பேருக்கு மேல் சேர்ந்து ஓட்டினால், சட்டப்படி அந்தக் கூட்டமே ஒரு வண்டி மாதிரி. முதல் ஆள் பச்சையில் நுழைந்துவிட்டால், நடுவில் சிவப்பு விழுந்தாலும் கடைசி ஆள் வரை போகலாம். நாங்கள் பதினேழு பேர். கடைசி ஆள் யார் என்று சொல்லவேண்டியதில்லை.

பேபெல்பிளாட்ஸில் வழிகாட்டி எங்களை இறங்கச் சொன்னார். 1933 மே 10 அன்று நாஜிகள் புத்தகங்களைக் கொளுத்திய சதுக்கம். தரையில் ஒரு கண்ணாடி. குனிந்து பார்த்தால் கீழே வெள்ளை அலமாரிகள். இருபதாயிரம் புத்தகம் கொள்ளுமாம், ஒன்றுகூட இல்லை.

பிராண்டன்பர்க் வாசலைத் தாண்டியதும் ரோட்டின் குறுக்கே இரண்டு வரிசைக் கல் பதித்திருக்கிறது. கிழக்கு பெர்லினையும் மேற்கு பெர்லினையும் பிரித்த சுவர் நின்ற இடம். 1961 ஆகஸ்டில் முள்கம்பியாக வந்தது, 1989 நவம்பர் 9 இரவில் திறந்தது. டயர் ஏறும்போது டக், டக் என்று இருமுறை குலுங்கும், அவ்வளவுதான். பஸ்ஸில் இருந்தால் இது தெரியுமா? சுவரருகே உயிரிழந்தவர்கள் குறைந்தது 140 பேர் என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மறுபடி அதைக் கடந்தோம். டக், டக். அப்புறம் யாரும் பேசவில்லை.

டெம்பெல்ஹோஃப் பற்றித்தான் அதிகம் பேச நினைத்து வந்தேன். ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். சரி, சுருக்கமாக: 2008-ல் மூடிய விமான நிலையம், 2010 முதல் பூங்கா. ஓடுபாதையிலேயே சைக்கிள் விடலாம், கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர், சிக்னல் கிடையாது. மறுநாள் அதே சைக்கிளோடு தனியாகப் போனேன். எதிர்க்காற்று. அங்கே மட்டும் ஒருமுறைகூடப் பெடலைப் பின்னுக்கு ஆட்டவில்லை. வணக்கம்.