ஒரு எழுத்து மாறியதும் ரத்தத்தில் பிழைத்த கிருமி

எல்லாருக்கும் வணக்கம். சால்மோனெல்லா என்றதும் நமக்கு ஞாபகம் வருவது சரியாக வேகாத முட்டை, கோழிக்கறி, அப்புறம் சில நாள் வயிற்றுப்போக்கு. அதில் டைஃபிமுரியம் என்ற வகை பெரும்பாலும் குடலோடு நின்றுவிடும். ஆனால் சகாராவுக்குத் தெற்கே அதே டைஃபிமுரியம் ரத்தத்தில் இறங்கிப் சின்னக் குழந்தைகளைக் கொல்கிறது. டைஃபாய்டைச் சேர்க்காமல், குடலைத் தாண்டிப் பரவும் சால்மோனெல்லாவால் 2017-இல் உலகம் முழுக்க ஏறக்குறைய 77,500 பேர் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். பெரும்பங்கு ஆப்பிரிக்காவில்.

இதில் கொடுமை என்னவென்றால், குழந்தையைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. காய்ச்சல் இருக்கும், ரத்தசோகை இருக்கும், பல பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கே இருக்காது, கூடவே மலேரியாவும் இருந்துவிட்டால் மருத்துவர் மலேரியா மருந்து கொடுப்பார், கிருமி ரத்தத்திலேயே இருக்கும். ரத்தத்தை எடுத்துக் கல்ச்சர் வைத்தால்தான், அதாவது அதில் கிருமி வளர்கிறதா என்று பார்த்தால்தான் தெரியும்.

ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டின் பிளான்டைர் நகரில் குயின் எலிசபெத் மத்திய மருத்துவமனையில் 1998 முதல் அதைத்தான் செய்துவருகிறார்கள். 2016 வரை மட்டும் 1,94,000-க்கு மேல் கல்ச்சர்கள், அவற்றில் சுமார் 29,000-இல் நோய்க்கிருமி வளர்ந்தது. ஆராய்ச்சி என்றால் மரபணுவைப் படிப்பதை மட்டும் கொண்டாடுகிறோம். ஒவ்வொரு நாளும் பாட்டிலில் ரத்தம் வாங்கி, வளர்ந்ததை அடையாளம் கண்டு, உறைய வைத்துப் பாதுகாத்த லேப் ஊழியர்கள்தான் இந்தக் கதையின் அஸ்திவாரம் என்பேன்.

அங்கே ஒரு குழந்தையின் ரத்தத்தில் கிடைத்த டி23580 என்ற கிருமியின் மரபணுத் தொகுதி 2009-இல் வெளியானது. எஸ்டி313 என்ற தனிக் கிளை அது. டைஃபாய்டு கிருமியைப் போலவே இதிலும் பல மரபணுக்கள் செயலிழந்து கிடந்தன. குளோராம்ஃபெனிகால் என்ற ஆன்டிபயாடிக் மருந்துக்கு மசியாத இதன் ஒரு பிரிவு, 2000-களின் தொடக்கத்தில் பழைய பிரிவை ஓரங்கட்டிவிட்டது.

பிறகு 2018-இல் லிவர்பூலில் ஜே ஹின்டன் என்ற ஆராய்ச்சியாளரின் குழு சொன்னதுதான் என்னை உலுக்கியது. 48 லட்சத்துக்கும் மேற்பட்ட டிஎன்ஏ எழுத்துகளில் ஒரே ஒரு எழுத்தின் மாற்றம் பெரிய வேலை செய்திருக்கிறது, அதுவும் ஒரு மரபணுவுக்குள் அல்ல, அதை முடுக்கிவிடும் பகுதியில். அதனால் பிஜிடிஇ என்ற புரதம் அதிகமாக உற்பத்தியாகிறது. கிருமியைத் துளைத்துக் கொல்ல நம் ரத்தத்தில் காம்ப்ளிமென்ட் என்ற புரதங்கள் இருக்கின்றன இல்லையா, அவற்றை இது வெட்டிப்போடுகிறது. அந்த எழுத்தைப் பழையபடி மாற்றினால் மனித சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் மிஞ்சும் தெளிந்த திரவத்தில்) கிருமி தாக்குப்பிடிப்பது குறைகிறது.

சரி, ஒரு எழுத்துதான் எல்லாவற்றுக்கும் காரணமா? இல்லை. சத்துக்குறைவு, மலேரியா, எச்ஐவி இருக்கும் உடலில்தான் இந்தக் கிருமிக்கு வழி திறக்கிறது, அவை குறைந்தபோது பிளான்டைரில் இந்தத் தொற்றும் குறைந்தது. தடுப்பூசிகள் இன்னும் சோதனையில்தான் இருக்கின்றன. டைஃபிமுரியத்தோடு, ஆப்பிரிக்காவில் ரத்தத்தில் இறங்கும் என்டெரிடிடிஸ் என்ற இன்னொரு சால்மோனெல்லா வகையையும் அவை சேர்த்துத் தடுக்க வேண்டும்.