கண்ணால் போடும் எடை

(மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில், பால்வாடிப் பிள்ளைகளின் பெற்றோர் கூட்டத்தில் குழந்தை மருத்துவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

அம்மாமார்களுக்கும், ஓரமாக நிற்கிற அப்பாமார்களுக்கும், முன்வரிசையைப் பிடித்துவிட்ட அப்பத்தா, அம்மாச்சிகளுக்கும் வணக்கம். முன்வரிசைக்காரர்களைத்தான் இன்றைக்கு நான் சரிக்கட்ட வேண்டும். பிள்ளை தேறியிருக்கிறதா, இளைத்திருக்கிறதா என்று வீட்டில் தீர்ப்புச் சொல்வது நீங்கள்தானே!

"என்னத்தா, பிள்ளை இப்படி இளைச்சுக் கெடக்கு? சோறு போடுறியா இல்லையா?" திருவிழாவுக்கு வந்த இடத்தில் யாராவது இப்படி ஒரு வார்த்தை கேட்டால் போதும். மறுநாள் காலையில் அந்தத் தாய் என் முன்னால் உட்கார்ந்திருப்பாள். பசி எடுக்க மருந்து எழுதுங்க, சதை போட டானிக் எழுதுங்க. என்னிடம் வருவதற்கு முன்பே, உள்ளே ஏதோ சிக்கியிருக்கிறது என்று நாட்டு வைத்தியரிடம் தொக்கம் எடுத்து, சுற்றிப் போட்டு, எல்லாம் முடிந்திருக்கும். பிள்ளையைத் தராசில் ஏற்றினால் ஒன்றரை வயசுப் பையன் பதினோரு கிலோ இருப்பான். அந்த வயசுக்கு அச்சடித்த மாதிரி எடை.

அப்புறம் ஏன் இளைத்ததாகத் தெரிகிறது? கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். மூன்று கிலோவில் பிறந்த பிள்ளை ஐந்து மாதத்தில் இரண்டு மடங்காகும், ஒரு வயசில் மூன்று மடங்காகும். ஆக முதல் வருசத்தில் மட்டும் ஆறு கிலோ. அடுத்த வருசம் முழுக்க ஏறுவது இரண்டு, இரண்டரை கிலோதான். உயரமோ அதே வருசத்தில் சுமார் 12 சென்டிமீட்டர் கூடிவிடும். நடக்கிறான், ஓடுகிறான், திண்ணையிலிருந்து குதிக்கிறான். மடிப்பு மடிப்பாக இருந்த தொடை நீண்டு போகிறது. உயரத்தோடு ஒப்பிட்டால் எடை ஐந்தாறு வயசு வரை குறைந்துகொண்டேதான் வரும், அதற்கப்புறம்தான் மறுபடி ஏறும். விலா லேசாகத் தெரிகிற நாலு வயசுப் பிள்ளை, ஓடியாடிக்கொண்டு இருந்தால், பெரும்பாலும் நன்றாக வளர்கிற பிள்ளை. நம் கண்தான் பத்தாம் மாசத்துப் போட்டோவை விட்டு நகர மாட்டேன் என்கிறது.

வளர்கிற வேகம் குறைந்தால் பசியும் குறையும். அதைத்தான் "ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்குறான்" என்கிறீர்கள். செல்போனைக் காட்டி, அவன் வாயைத் திறக்கிற நேரம் பார்த்து ஒரு உருண்டையைத் திணிப்பது இப்படித்தான் ஆரம்பிக்கிறது. வயிறு நிறைந்ததை அந்தப் பிள்ளை தலையை ஆட்டிச் சொல்கிறது. நாலு மாசம் கேட்காமல் விட்டால் சொல்வதை அதுவும் விட்டுவிடும். டப்பாவில் வருகிற சத்துப் பானங்களைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் இருட்டிவிடும். எடுத்ததும் டப்பாவில் சர்க்கரை எவ்வளவு என்று எழுதியிருப்பதைப் படியுங்கள், அது போதும்.

இதற்கு நேர் எதிரான தவறும் இருக்கிறது. கொழுகொழுவென்று இருக்கிற பிள்ளையைப் பார்த்துக் கவலைப்பட்டு யாராவது என்னிடம் வந்திருக்கிறார்களா? கன்னத்தைக் கிள்ளிவிட்டுத் திருஷ்டிப் பொட்டு வைக்கிறோம். இது நம் ஊர்க் குணம் மட்டும் இல்லை. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2014-இல் வெளியான கட்டுரை ஒன்று உண்டு. எடை கூடிய பிள்ளைகளின் பெற்றோரில் ஏறக்குறையப் பாதிப் பேர் அதைக் கூடுதல் என்றே நினைக்கவில்லை. சின்ன வயசுப் பிள்ளையாக இருந்தால் இன்னும் மோசம்.

நமக்கு இதில் தனிக் கவலை ஒன்றும் இருக்கிறது. புனேயில் சர்க்கரை நோய் ஆய்வாளர் டாக்டர் யாஞ்னிக் குழுவினர் அந்தப் பக்கத்துக் கிராமத்துக் குழந்தைகளைப் பிறந்ததும் அளந்தார்கள். சராசரி எடை 2.7 கிலோ. இங்கிலாந்துக் குழந்தைகள் 3.5 கிலோ. ஆனால் அந்த 800 கிராம் குறைவு தசையில்தான் அதிகம், தோலுக்கடியில் இருக்கிற கொழுப்பில் அவ்வளவு குறையவில்லை. அந்த உடம்பில் நாம் சதை ஏற்றினால் ஏறுவது என்ன என்று யோசியுங்கள். கொழுப்பு கூடினால் பின்னாளில் சர்க்கரை நோய்க்கு அது வழி. இங்கே எத்தனை வீட்டில் சர்க்கரை மாத்திரை இருக்கிறது என்று கை தூக்கச் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது தவறுதான் எனக்கு ரொம்ப வருத்தம். குட்டையாக நிற்கிற பிள்ளை யார் கண்ணிலும் படுவதில்லை. தேசியக் குடும்ப நல ஆய்வு, 2019-21, தமிழ்நாட்டில் ஐந்து வயசுக்கு உட்பட்டவர்களில் நாலில் ஒரு பிள்ளை வயசுக்குரிய உயரம் இல்லை என்கிறது. தெருவில் எல்லாப் பிள்ளையும் அதே உயரம் என்றால் யாருக்குத் தெரியும்? "அவங்க அப்பாவும் கட்டைதான், வம்சம் அப்படி" என்று முடித்துவிடுகிறோம். உலக சுகாதார நிறுவனம் 1997-லிருந்து 2003 வரை ஆறு நாட்டுப் பிள்ளைகளை அளந்தது. அதில் தெற்கு டெல்லியும் உண்டு, நார்வேயும் உண்டு. தாய்ப்பால், நல்ல சாப்பாடு, சுத்தமான சூழல் எல்லாம் கிடைத்த இடத்தில் ஐந்து வயசு வரை உயரத்தில் பெரிய வித்தியாசமே இல்லை. வம்சத்தின் மேல் பழி போட அந்த வயசில் அதிக இடம் கிடையாது.

உங்கள் பக்கத்து ஊர் கொட்டாம்பட்டிக்கு இதில் ஒரு பெருமை உண்டு. உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 1980-இல் முதலில் தொடங்கியது அந்த ஒன்றியத்தில்தான். ஆறு மாதம் முதல் மூன்று வயசு வரை பிள்ளைகளை மாசாமாசம் எடை போட்டார்கள். மெலிவாகத் தெரிகிறதா என்று கண்ணால் பார்த்து உணவு கொடுக்கவில்லை. எந்தப் பிள்ளைக்கு எடை ஏறுவது நின்றதோ, எதற்கு எடை மிகவும் குறைவாக இருந்ததோ அதற்குக் கொடுத்தார்கள், மறுபடி ஏறியதும் நிறுத்தினார்கள். கொஞ்சம் ஒல்லியாக இருந்தாலும் சீராக ஏறுகிற பிள்ளையை விட்டுவிட்டார்கள். பூசினாற்போல் இருந்தும் ஏறாமல் நின்ற பிள்ளையைப் பிடித்தார்கள்.

உங்கள் கையில் இருக்கிற தாய் சேய் நல அட்டையில் உள்ள வளைகோடும் அதற்குத்தான். ஒரு மாசத்துப் புள்ளியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், காய்ச்சல் வயிற்றுப்போக்கு வந்தாலே அரைக் கிலோ போகும். இரண்டு மூன்று மாசத்துக் கோடு படுத்துவிட்டாலோ இறங்கினாலோ வாருங்கள், சளி, பூச்சி, ரத்தசோகை என்று தேடுவோம். கோடு வழக்கத்தைவிடச் செங்குத்தாக ஏறினாலும் வாருங்கள். கூடவே உயரமும் அளக்கச் சொல்லுங்கள். 96 சென்டிமீட்டர் பையன் 14 கிலோ இருந்தால் சரியான எடை. அதே 14 கிலோ 88 சென்டிமீட்டரில் இருந்தால் கூடுதல் பக்கம் சாய்கிறது.

தராசும் உயரக்கோலும் பின்னால் தயாராக இருக்கிறது. ஏற்றும்போது செருப்பு, கொலுசு, தடித்த சட்டையெல்லாம் கழற்றிவிடுங்கள். கையில் பிஸ்கட்டும் வேண்டாம். ஆறு மணி பஸ்ஸுக்குப் போகிறவர்கள் முதலில் வாங்க. அப்பத்தா, நீங்களும் கூட வாங்க, முள் எங்கே நிற்கிறது என்று நீங்களே பாருங்க.