ஹான்ஸின் மகன்கள்

(நூலக வாசகர் கூடல் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

நண்பர்களே, வணக்கம்.

நான் 31 வருடம் தொழுநோய்ப் பிரிவு ஒன்றின் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன். பதிவேட்டில் 'ஹான்சன் நோய்' என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது எழுதியிருப்பேன். தொழுநோய் என்று எழுதினால், பக்கத்தில் நிற்பவர் எட்டிப் பார்த்துவிட்டால், சீட்டை வைத்திருக்கும் மனிதரின் முகம் சுருங்கிப்போகும். ஹான்சன் என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அவர் நிம்மதியாக மருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார். ஒரு நார்வேக்காரரின் பெயர் இப்படி நம் ஊர் நோயாளிக்கு மறைப்பாக நின்றது. அதனால் அந்தப் பெயர்மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு.

ஒரு நாள் பீரைப் புளிக்க வைக்கும் ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். அங்கேயும் ஒரு ஹான்சன் வந்தார். அதே காலம், அதே மைக்ராஸ்கோப். இருவரும் ஒருவரே என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். அப்புறம் பார்த்தால் இவர் டேனிஷ்காரர். தேடத் தேட நிலா ஆராய்ச்சியில் ஒரு ஹான்சன், கட்டடக் கலையில் இரண்டு ஹான்சன், தட்டச்சு இயந்திரத்தில் ஒரு ஹான்சன். இவர்களெல்லாம் ஒரே வம்சமா என்று கேட்டுக்கொண்டு கிளம்பியதில் தெரிந்துகொண்டதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

முதலில் பெயர். கடைசியில் வரும் 'சன்' (அவர்கள் எழுத்தில் சென்) என்றால் மகன். ஹான்சன் என்றால் ஹான்ஸின் மகன். அவ்வளவுதான். அந்த ஹான்ஸ் என்பது யோஹான்னஸ் என்ற பெயரின் குறுக்கம். யோஹான்னஸ் யாரென்றால், நம் பைபிளில் யோவான் என்று வருகிறாரே, அவர்தான். 'கடவுள் அருளினார்' என்பது அந்த எபிரேயப் பெயரின் பொருள். பழைய கத்தோலிக்க மொழிபெயர்ப்பில் அதை அழகாக அருளப்பர் என்று வைத்தார்கள். ஆக ஹான்சன் என்பதை நம் வாயில் சொன்னால் 'அருளப்பன் மகன்'.

இது நமக்குப் புரியாத முறை அல்ல. நாம் இன்னும் அப்பா பெயரின் முதலெழுத்தைத்தான் இனிஷியலாகப் போட்டுக்கொள்கிறோம். அங்கேயும் அதே கதைதான். ஹான்ஸுக்கு ஓலே என்று ஒரு பையன் பிறந்தால் அவன் ஓலே ஹான்சன். ஓலேவுக்குப் பையன் பிறந்தால் அவன் நீல்ஸ் ஓல்சன். பெண் பிறந்தால் அவள் காரி ஓல்ஸ்டாட்டர், அதாவது ஓலேயின் மகள். ஒவ்வொரு தலைமுறையிலும் பெயர் மாறும். கல்யாணம் ஆனாலும் பெண் தன் அப்பாவின் மகளாகவே இருப்பாள். ஐஸ்லாந்தில் இன்றும் பெரும்பாலும் இப்படித்தான்.

டென்மார்க்கில் 1828இல் ஓர் ஆணை வந்தது. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போதே குடும்பப் பெயரையும் சேர்த்து எழுத வேண்டும் என்றார்கள். ஜனங்கள் பழைய வழக்கத்தை உடனே விடவில்லை. 1856இல் சட்டத்தை இன்னும் தெளிவாக்கி, குடும்பப் பெயர் தலைமுறை தலைமுறையாக மாறாமல் போக வேண்டும் என்று முடிவாகச் சொன்னார்கள். நார்வேயில் ஊர்ப்பக்கங்களில் பழைய முறை நெடுநாள் நீடித்தது. அங்கே குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கிய சட்டம் 1923இல்தான் வந்தது. ஓடிக்கொண்டிருந்த ஆறு ஒரு நாள் ராத்திரியில் உறைந்துபோன மாதிரி, அந்தந்த நேரத்தில் யார் யாருடைய அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ ஹான்ஸ் என்று பெயர் இருந்ததோ அவர்கள் எல்லாரும் என்றென்றைக்கும் ஹான்சன் ஆகிவிட்டார்கள். இன்று டென்மார்க்கில் சுமார் 2 லட்சம் ஹான்சன்கள். நார்வேயில் மிக அதிகமான குடும்பப் பெயரே அதுதான். ஒருவருக்கொருவர் ரத்த உறவு இருக்க வேண்டிய அவசியமே இல்லை. சாதியோ தொழிலோ ஊரோ எதையும் அந்தப் பெயர் சொல்லாது. முன்னோரில் யாரோ ஒருவருக்கு ஹான்ஸ் என்று பெயர் இருந்தது என்பது மட்டும்தான் அதிலிருந்து தெரியும்.

பெண்களுக்கு இதில் ஓர் இழப்பு நேர்ந்தது. டாட்டர் என்று முடிந்த பெயர்கள் மெல்ல மறைந்துபோயின. பிறகு பிறந்த பெண் குழந்தைகள் எல்லாரும் 'ஹான்ஸின் மகன்' என்ற பெயரோடு வளர்ந்தார்கள். இப்போதைய சட்டம் மகள் என்று வைத்துக்கொள்ள மறுபடி இடம் தருகிறது. ஆனால் நடுவில் போன நூறு, நூற்றைம்பது வருடம் போனதுதான்.

ஒரே பெயரில் இத்தனை பேர் இருந்தால் எப்படி அடையாளம் காண்பது? நடுப்பெயரால்தான். டென்மார்க்கில் 1993 முதல் 2011 வரை தொடர்ந்து மூன்று பிரதமர்கள், மூன்று பேருக்கும் ராஸ்முசன் என்றுதான் பெயர், மூவரும் உறவினர் அல்ல. ஜனங்கள் நியூருப், ஃபோக், லோக்கெ என்று நடுப்பெயரைச் சொல்லித்தான் பேசினார்கள்.

நம்முடைய மருத்துவர் ஹான்சனையும் ஆர்மவர் ஹான்சன் என்றுதான் சொல்ல வேண்டும். கேர்ஹார்ட் ஆர்மவர் ஹான்சன். 1841இல் நார்வேயின் மேற்குக் கரையில் உள்ள பெர்கன் நகரத்தில் பிறந்தார். வீட்டில் 15 பிள்ளைகள். அப்பா பெயர் கிளவுஸ் ஹான்சன், வியாபாரி. பழைய முறை இருந்திருந்தால் இவர் ஹான்சனே இல்லை, கிளவுசன். அப்படியானால் நான் பதிவேட்டில் கிளவுசன் நோய் என்று எழுதியிருப்பேன்.

அன்றைக்கு ஐரோப்பாவின் மற்ற இடங்களில் பெரும்பாலும் மறைந்துவிட்ட தொழுநோய், நார்வேயின் மேற்குக் கரைக் கிராமங்களில் மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. 1856இல் நாடு முழுக்க நோயாளிகளைப் பெயர் பெயராக எழுதிப் பதிவேடு தொடங்கினார்கள். ஒரு நோய்க்கென்று ஒரு நாடு வைத்த முதல் தேசியப் பதிவேடு அது. ஏறத்தாழ 3,000 பேர் அதில் இருந்தார்கள். பதிவேடு எழுதியே காலம் கழித்தவன் என்பதால் சொல்கிறேன், ஹான்சனின் கண்டுபிடிப்புக்கு மைக்ராஸ்கோப் எவ்வளவு காரணமோ அந்தப் பதிவேடும் அவ்வளவு காரணம். எந்த வட்டாரத்தில் நோயாளிகள் தனியாக வைக்கப்பட்டார்களோ அங்கே புது நோயாளிகள் குறைவதை அவர் அதில்தான் பார்த்தார்.

அப்போதைய பெரிய அறிஞர் டானியல்சன். அதே பெர்கனில் ஹான்சனின் மேலதிகாரி. தொழுநோய் பரம்பரையாக வருவது என்று உறுதியாக நம்பியவர். அது ஒட்டாது என்று காட்ட நோயாளியின் திசுவைத் தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டவர். அவருக்கு நோய் வரவில்லை. அந்த மனிதரின் கீழே வேலை பார்த்துக்கொண்டு, அவர் மகளையே மணந்துகொண்டு, அவர் கொள்கைக்கு நேர் எதிராக ஹான்சன் தேடினார். மணந்த அதே 1873இல் அந்தப் பெண் காசநோயால் இறந்துபோனாள். அதே வருடம் பிப்ரவரியில், ஒரு நோயாளியின் கட்டியை வெட்டி, அதன் ஈரத்தைக் கண்ணாடியில் தேய்த்து, சாயம் எதுவும் ஏற்றாமல் மைக்ராஸ்கோப்பில் வைத்தபோது குச்சி குச்சியாக எதையோ பார்த்தார்.

சாயம் இல்லாமல் என்பதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். நாங்கள் காது மடலைக் கிள்ளிப் பிடிப்போம், ரத்தம் வடிந்து அந்த இடம் வெளுக்கும்வரை. பிளேடால் ஒரு சின்னக் கீறல், அரை சென்டிமீட்டர் இருக்கும். பிளேடைத் திருப்பி ஓரத்தைச் சுரண்டினால் நிணநீர் மாதிரி ஒரு துளி வரும். அதை ஸ்லைடில் வட்டமாகத் தேய்த்து, சூடு காட்டி, சிவப்புச் சாயம் ஊற்றி, அமிலத்தில் கழுவி, நீலம் ஏற்றினால், நீலப் பரப்பில் செக்கச்செவேலென்று கிருமிகள் கட்டுக் கட்டாகக் கிடக்கும், தீக்குச்சிக் கட்டை அவிழ்த்துப் போட்ட மாதிரி. அத்தனை சாயத்தோடும் முதல் மாதத்தில் என் கண்ணுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அந்த மனிதர் ஒரு நிறமும் இல்லாமல் பார்த்திருக்கிறார். 1874இல் வெளியிட்டபோதும், இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்லாமல் தயங்கித்தான் எழுதினார்.

1879இல் ஜெர்மனியிலிருந்து ஆல்பர்ட் நைசர் என்ற இளைஞர் வந்தார். ஹான்சன் தாராளமாகத் திசுக்களைக் கொடுத்தனுப்பினார். நைசர் ஊருக்குப் போய் அவற்றில் சாயம் ஏற்றி, தொழுநோய்க் கிருமியைத் தானே கண்டதாக வெளியிட்டார். முதலில் கண்டது யார் என்ற அந்தச் சர்ச்சை வெகுநாள் ஓடியது. கடைசியில் பெயர் ஹான்சனுக்கே நின்றது, அது நியாயம் என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் அவரால் முடியாத ஒன்று இருந்தது. அந்தக் கிருமியை உடம்புக்கு வெளியே வளர்த்துக் காட்ட முடியவில்லை. எத்தனையோ ஊடகங்களில் முயன்றார். இன்றுவரை யாராலும் செயற்கை ஊடகத்தில் அதை வளர்க்க முடியவில்லை. எலியின் பாதத்திலும் ஆர்மடில்லோ என்ற ஓடு போர்த்த விலங்கின் உடம்பிலும்தான் வளர்க்கிறார்கள். ஒன்று இரண்டாவதற்கே இரண்டு வாரம் எடுக்கும் கிருமி அது.

இந்த இடத்தில்தான் இன்னொரு ஹான்சன் வருகிறார். எமில் கிறிஸ்டியன் ஹான்சன், 1842இல் டென்மார்க்கின் ரீபெ ஊரில் பிறந்தவர். முன்னவருக்கு ஒரு வயது இளையவர். ஏழை வீடு. சுவருக்கு வண்ணம் அடிக்கும் வேலை செய்து, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி, தானே படித்து மேலே வந்தவர். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் மதுவாலையின் முதலாளி யாகோப்சன் அறிவியலுக்கென்றே ஓர் ஆய்வகம் நிறுவியிருந்தார். எமில் அதில் சேர்ந்தார்.

அப்போது பீர் அடிக்கடி கெட்டுப்போய்க் கசந்தது. பாக்டீரியாதான் காரணம் என்று பிரெஞ்சு அறிவியலறிஞர் லூயி பாஸ்டர் சொல்லியிருந்தார். எமில் ஹான்சன் இன்னொன்றைச் சொன்னார்: ஈஸ்ட் என்று நாம் ஒரே பொருளாக நினைப்பது பல இனங்களின் கலவை, அதற்குள் காட்டு ஈஸ்ட் புகுந்துவிடுகிறது. அப்படியானால் நல்லதை மட்டும் எப்படிப் பிரிப்பது? தண்ணீர் விட்டு விட்டு நீர்க்கச் செய்தார், ஒரு துளிக்கு ஒரு செல் என்று ஆகும்வரை. அந்த ஒற்றைச் செல்லை மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்து, அது பெருகுவதைக் கண்ணால் பார்த்து, அதிலிருந்து ஒரு முழு வம்சத்தை எடுத்தார். 1883 நவம்பரில் அந்த ஈஸ்ட் கார்ல்ஸ்பெர்க்கின் தொட்டிகளுக்குள் போனது. முதலில் நம்பாத யாகோப்சன், பிறகு அதைப் பூட்டி வைக்கவில்லை. கேட்ட மற்ற மதுவாலைகளுக்கும் கொடுக்கப்பட்டது. எனக்குப் பீரோடு சம்பந்தம் இல்லை. ஆனால் ஒற்றைச் செல்லிலிருந்து தூய வளர்ப்பு என்பதன் அருமை, கிருமியோடு மல்லுக்கட்டிய எவருக்கும் தெரியும். ஒரு ஹான்சன் வாழ்நாள் முழுக்க ஏங்கியும் கிடைக்காதது, அடுத்த நாட்டில் இன்னொரு ஹான்சனின் கண்ணாடிக்குள் குட்டி போட்டுக்கொண்டிருந்தது. அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

மற்றவர்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தியோஃபில் ஹான்சன், வியன்னாவின் நாடாளுமன்றத்தையும் புகழ்பெற்ற இசை அரங்கத்தையும் கட்டியவர். ஏதென்ஸில் பல்கலைக்கழகத்தை இவருடைய அண்ணன் கிறிஸ்டியன் ஹான்சன் கட்ட, அதன் இரு பக்கமும் நூலகத்தையும் அகாதமியையும் தம்பி வடிவமைத்தார். நான் தேடியதில் ரத்த உறவு உள்ள ஹான்சன்கள் இவர்கள் இருவர்தான். பேட்டர் ஆண்ட்ரியாஸ் ஹான்சன், பொற்கொல்லர் மகன், கடிகாரம் பழுதுபார்த்தவர், பிறகு ஜெர்மனியில் கோத்தா வானாய்வகத்தின் தலைவர். 1857இல் இவர் வெளியிட்ட நிலா அட்டவணையைப் பல காலம் பயன்படுத்தினார்கள். நிலாவின் எடை மையம் நடுவிலிருந்து 59 கிலோமீட்டர் அந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது என்று கணக்கிட்டார். அது தவறு. உண்மையில் ஏறக்குறைய 2 கிலோமீட்டர்தான், அதுவும் நம் பக்கமாக.

ராஸ்முஸ் மல்லிங்-ஹான்சனை மட்டும் அப்படிக் கடந்துபோக மனம் வரவில்லை. பாதிரியார். கோபன்ஹேகனில் காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கு 1865 முதல் தலைமை ஆசிரியர். பிள்ளைகள் விரலால் எழுத்துக் காட்டிப் பேசும் வேகம், கையால் எழுதும் வேகத்தைவிட அதிகம் என்று கவனித்தார். விரலுக்கு அந்த வேகம் உண்டென்றால் பத்து விரலுக்கும் எழுத்துக் கொடுத்தால் என்ன? அரைக்கோளத்தில் ஊசி குத்திய மாதிரி 52 விசைகள் கொண்ட 'எழுத்துப் பந்து' என்ற தட்டச்சு இயந்திரத்தைச் செய்தார். 1870இல் காப்புரிமை. கண் மங்கிக்கொண்டிருந்த தத்துவ அறிஞர் நீட்சே 1882இல் ஒன்று வாங்கினார். அதே ஹான்சன், தன் பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் நிறுத்து, அளந்து, வருடக்கணக்காக எழுதி வைத்து, உயரம் ஒரு பருவத்திலும் எடை வேறு பருவத்திலும் கூடுவதைக் கண்டார். இவரும் பதிவேட்டுக்காரர்.

சரி. ஆர்மவர் ஹான்சனைப் பற்றி ஒன்றைத் தள்ளி வைத்திருந்தேன். சொல்லாமல் போனால் அவருக்கும் நேர்மையில்லை, உங்களுக்கும் இல்லை.

1879 நவம்பர். கிருமி வளரவில்லை, நைசர் வந்து போய்விட்டார், நோய் ஒட்டும் என்பதற்கு நிரூபணம் வேண்டும். பெர்கன் மருத்துவமனையில் 33 வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். தொழுநோயின் ஒரு வகை அவளுக்கு ஏற்கெனவே இருந்தது. இன்னொரு வகை நோயாளியின் கட்டியில் தோய்த்த கத்தியால் ஹான்சன் அவள் கண்ணைக் குத்தினார். அவளைக் கேட்கவில்லை. கேட்டால் மறுப்பாள் என்று நினைத்ததால் கேட்கவில்லை என்று பிறகு அவரே ஒப்புக்கொண்டார். விஷயம் நீதிமன்றம் போனது. 1880 மே மாதம் தீர்ப்பு வந்தது. மருத்துவமனைப் பதவியை இழந்தார். தொழுநோய்க்கான நாட்டின் தலைமை அதிகாரி பொறுப்பு மட்டும் அவரிடமே இருந்தது, 1912இல் இறக்கும்வரை.

அந்தப் பெண்ணின் இரண்டாவது பெயர் நீல்ஸ்டாட்டர். நீல்ஸின் மகள். உறைந்துபோகாத பழைய முறைப் பெயர். அவள் அப்பா யார் என்பது அவள் பெயரிலேயே இருந்தது. அதன் பிறகு எத்தனை வாக்குமூலங்கள், எத்தனை காகிதங்கள்! பெர்கனின் தொழுநோய் ஆவணங்களை யுனெஸ்கோ 2001இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

இதைப் படித்த பிறகும் நான் சில வருடம் வேலையில் இருந்தேன். கூட்டு மருந்து வந்துவிட்ட காலம். 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட்டால் குணமாகிவிடும், காசும் கிடையாது. செங்கல்பட்டுப் பக்கம் திருமணியிலும் வேலூர் அருகே கரிகிரியிலும் எத்தனையோ பேர் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். எங்கள் அறையில் ஒரு முக்காலி இருக்கும். ஆளை அதில் உட்கார வைத்து, பிளேடைக் கையில் எடுக்கும் முன்னால், இன்ன இடத்தில் கீறப்போகிறேன், இவ்வளவுதான் வலிக்கும், செய்யட்டுமா என்று கேட்பேன். சிலர் வேண்டாம் என்பார்கள். சரி, டீ குடித்துவிட்டு வாருங்கள் என்பேன். பெரும்பாலும் திரும்பி வந்துவிடுவார்கள். வந்ததும் பதிவேட்டில் அப்பா பெயரையும் கேட்டு எழுதிக்கொள்வேன்.