ரோஜா ஊர்வலத்தின் கடைசி வாரம்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கன் ஃபுட்பால் எனப்படும் கல்லூரி விளையாட்டில், பருவ முடிவில் நடக்கும் சிறப்பு ஆட்டங்களைப் 'பௌல்' என்பார்கள். அவற்றில் மூத்தது, கலிஃபோர்னியாவின் பசடீனாவில் நடக்கும் ரோஸ் பௌல். 1902-ல் நடந்த முதல் ஆட்டத்தில் மிச்சிகன், ஸ்டான்ஃபோர்டை 49–0 என்று வீழ்த்தியது. அடுத்த ஆட்டம் 1916-ல்தான். ஆனால் ஆட்ட நாளான ஜனவரி 1 அன்று காலை நடக்கும் ரோஜா ஊர்வலம் என்ற மலர் ஊர்வலம் 1890-லேயே தொடங்கிவிட்டது. அதில் வரும் அலங்கார ஊர்திகளைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

விதி கடுமையானது. கண்ணில் படும் ஒவ்வோர் அங்குலமும் பூ, இலை, விதை, மரப்பட்டை என இயற்கைப் பொருளால் மூடியிருக்க வேண்டும். முதலில் இரும்புக் கம்பியால் உருவத்தை வளைத்து, கம்பிவலை போர்த்தி, மேல்தோல் போலப் பிளாஸ்டிக்கைத் தெளிக்கிறார்கள். எந்த இடத்துக்கு எந்தப் பூ என்பதை அந்தந்த நிறத்திலேயே வண்ணமடித்துக் குறிக்கிறார்கள்.

ஊர்தியின் தலைவிதி கடைசி வாரத்தில்தான் முடிவாகிறது. வரிசை பிசகக் கூடாது. வாடாத விதை, பருப்பு, பட்டை முதலில் ஒட்டப்படும். முகம், கை போன்ற வழவழப்பான பாகங்களுக்கு உலர்ந்த பூவைப் பொடித்து ஒட்டுவார்கள். முழு இதழ் வைத்தால் முகம் கரடுமுரடாகிவிடும். பசை விட்டுப்போன இடத்தில் அடிவண்ணம் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். ரோஜாவின் முறை கிறிஸ்துமஸ் முடிந்த பிறகுதான். ஒவ்வொரு காம்பும் ரப்பர் மூடியிட்ட சிறு தண்ணீர்க் குப்பியில் செருகப்பட்டு, குப்பியோடு நுரைப் பலகையில் குத்தப்படுகிறது. தண்ணீர் இல்லாமல் குத்திய ரோஜா ஊர்வலம் முடியுமுன் தலை கவிழ்ந்துவிடும். பெரிய ஊர்தி ஒன்றுக்குப் பல்லாயிரம் ரோஜாக்கள் பிடிக்கும், அத்தனையும் கையால். இந்தப் பொறுமைக்கு ஈடாக நான் எதையும் சொல்லமாட்டேன்.

பாதை சுமார் 9 கிலோமீட்டர், வேகம் மணிக்கு 4 கிலோமீட்டர். ஓட்டுநர் பூக்களுக்கு உள்ளே உட்கார்ந்திருப்பதால் முன்னால் எதுவும் சரியாகத் தெரியாது. உடனிருக்கும் வழிகாட்டி சொல்வதைக் கேட்டே திருப்புவார். இந்த நடை வேகத்தில், மூடிய கூட்டுக்குள் என்ஜின் சூடாகிவிடுவதுதான் பெரிய தொல்லை. நின்றுபோன ஊர்தியை இழுக்க இழுவை வண்டிகள் தயாராக இருக்கும். வழியில் நெடுஞ்சாலைப் பாலம் ஒன்று குறுக்கிடுவதால், உயரமான உருவங்கள் அங்கே மடங்கித் தாழ்ந்து, கடந்ததும் மீண்டும் நிமிரும்படி கீல் வைத்திருக்க வேண்டும்.

ஜனவரி 1 ஞாயிறானால் எல்லாமே மறுநாளுக்குத் தள்ளப்படும். தேவாலயங்களுக்கு வெளியே கட்டிய குதிரைகள் மிரளக் கூடாது என்பதற்காக 1893-ல் வந்த ஏற்பாடு இது; 2023-லும் ஊர்வலம் ஜனவரி 2-ல்தான் நடந்தது.