மண்ணுக்குள்ள குரைக்கிற நாய்: டெரியரும் நரி வளையும்

(திரையில்: பனி படிஞ்ச வயல், வேலி ஓரமா ஒரு வளை, வாசல்ல தலையச் சாய்ச்சு நிக்கிற ஒரு குட்டி நாய்)

இந்த நாயப் பாருங்க. முழங்கால் உயரம் கூட வராது, ஆறு ஏழு கிலோ இருந்தாலே ஜாஸ்தி, உடம்பெல்லாம் கம்பி மாதிரி முடி. நமக்கு வேட்டை நாய்னாலே கன்னி, சிப்பிப்பாறைன்னு நெட்டையா ஒல்லியா, கண்ணுல பட்டதும் பறந்து போய்ப் பிடிக்கிற ஜாதி தான் ஞாபகம் வரும். இது அந்தக் கேஸே கிடையாது. இதோட வேலை பூமிக்கு அடியில. பேரே அதான், லத்தீன்ல டெர்ரான்னா மண்ணு, அது பிரெஞ்சு வழியா சுத்தி வந்து டெரியர் ஆயிடுச்சு.

இங்கிலாந்து கிராமத்துப் பக்கம் இந்த நாய வச்சு நரி எங்க இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க, அதான் இன்னைக்கு வீடியோ.

முதல்ல நரி. நம்ம ஊர்ல நரின்னு சொல்றது பாதி நேரம் ஜாக்கல தான், அது வேற பிராணி. இங்க பேசுறது செந்நரி. இது எப்பவும் வளைக்குள்ளயே குடியிருக்கும்னு நினைச்சுக்காதீங்க, நிறைய நாள் முள்ளுப் புதர்லயும் வேலி அடியிலயும் சுருண்டு படுத்துத் தூங்கும். நல்ல மழை, குளிர்னா உள்ள போகும், அப்புறம் குட்டி போடுற நேரம். குளிர்காலத்துல இணை சேரும், 52 நாள் சுமக்கும், மார்ச் ஏப்ரல்ல குட்டிங்க வந்துரும். அதனால நாயத் தூக்கிட்டு நேரா வளைக்குப் போறதுக்கு முன்னாடி, இன்னைக்கு நரி வீட்ல இருக்குற நாளான்னு வானத்தப் பாத்தே பாதி முடிவு பண்ணிருவாங்க.

(திரையில்: வளை வாசல், நெருக்கமா)

அடுத்தது வாசல். நிறைய இடத்துல பழைய முயல் வளையத் தான் நரி பெருசாக்கி வச்சிருக்கும். சிலந்தி வலை குறுக்க அப்படியே இருந்தா உள்ள ஆளில்ல, அதுக்கு மேல பாக்கவே வேணாம். புது மண்ணு வெளிய தள்ளியிருக்கா, வேர்ல செம்பட்ட முடி ஒட்டியிருக்கா, இறக்கை கிடக்கா, இதெல்லாம் பாக்கணும். எல்லாத்துக்கும் மேல நாத்தம், நரி வாடைய நம்ம மூக்கே பிடிச்சிரும், ஒரு தடவ முகர்ந்தவன் மறக்க மாட்டான்.

இங்க ஒரு பெரிய கண்டம் இருக்கு. பேட்ஜர்னு கருப்பு வெள்ளை மூஞ்சியோட ஒரு பிராணி, அதுவும் வளை தோண்டும், அந்த வளையில கை வச்சா 1992ல வந்த பேட்ஜர் பாதுகாப்புச் சட்டப்படி குத்தம், நாய உள்ள விடுறதும் சேத்து. பேட்ஜர் வாசல் உயரத்த விட அகலம் ஜாஸ்தியா இருக்கும், முன்னாடி மண்ணு மலையா குவிஞ்சிருக்கும், அதுல பழைய புல்லுப் படுக்கை கலந்து கிடக்கும். சந்தேகமா இருந்தா நாயக் கயித்துல கட்டிட்டுத் திரும்பிப் போறவன் தான் விவரமானவன்.

சரி, வளை சரியா இருக்கு, இப்ப நாய். காலி வளைன்னா நல்ல டெரியர் ஒரு மோப்பம் பிடிச்சுட்டு கண்டுக்காமப் போயிரும். உள்ள ஆள் இருந்தா உடம்பு விறைச்சிக்கும், வாலு நடுங்கும், சிலது சின்னதா முனகும். நாய விட்டதும் உள்ள போகுது, கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, மேல நிக்கிறவங்க மூச்சக் கூட மெதுவா விடுவாங்க, அப்புறம் எங்கயோ காலுக்கு அடியில இருந்து அமுங்கின குரல்ல ஒரு குரைப்பு வரும் பாருங்க, அது ஒரே இடத்துல இருந்து விடாம வந்தா நரி நின்னுருச்சு, நகர்ந்துக்கிட்டே வந்தா நரியும் நகருதுன்னு அர்த்தம். அந்தக் காலத்துல தரையில காது வச்சு படுத்துக் கேட்டாங்க. இப்ப நாய்க் கழுத்துல ரேடியோ காலர், மேல கையில ஒரு பெட்டி, எந்த இடம், எத்தன அடி ஆழம்னு அதே காட்டிரும்.

நிறைய பேரு டெரியர் உள்ள போய் நரிய கடிச்சு இழுத்துட்டு வரும்னு நினைக்கிறாங்க. அப்படிப் பண்ற நாய்க்கு முரட்டு நாய்னு தான் பேரு, மூஞ்சி கிழிஞ்சு வாரக்கணக்குல வீட்ல கிடக்கும். வேலை தெரிஞ்ச நாய் ஒரு முழம் தள்ளி நின்னு குரைச்சுக்கிட்டே இருக்கும், நரிக்கு அந்தத் தொல்லை தாங்காம வேற வாசல் வழியா வெளிய தெறிக்கும். என்னக் கேட்டா இது குரலுக்குக் குடுக்குற சம்பளம்.

கடிக்காம குரைச்சுக் கிளப்புற நாய் தான் நல்ல நாய்ங்கிற ருசிய வளத்ததுல ஒரு பாதிரியாருக்குப் பெரிய பங்கு இருக்கு, ஜாக் ரஸ்ஸல், டெவன் காரர். 1819ல ஆக்ஸ்போர்டுல படிக்கிறப்ப ஒரு பால்காரர் கிட்ட டிரம்ப்னு ஒரு வெள்ளைப் பொட்ட நாயப் பாத்து அங்கயே விலை பேசி வாங்கிட்டாரு. (அந்த டிரம்ப் இல்லீங்க.) அவரு ஹவுண்டுன்னு சொல்ற பெரிய வேட்டை நாய்க் கூட்டத்தோட குதிரையில நரிய விரட்டுறவரு, நரி வளைக்குள்ளயே செத்தா குதிரை ஓட்டுறதுக்கு எதுவும் மிஞ்சாது, அதனால கிளப்பி விடுற நாய் தான் வேணும். வெள்ளை நிறத்துக்கும் ஒரு காரணம் சொல்லுவாங்க, மண்ணுல இருந்து வெளிய வர்ற நாய ஹவுண்டுங்க நரின்னு நினைச்சுப் பாஞ்சிறக் கூடாதுன்னு. அப்புறம் நெஞ்சளவு, தோளுக்குப் பின்னாடி ரெண்டு கையாலயும் சுத்திப் பிடிச்சா விரல் நுனி தொடணும், இல்லன்னா நரி போற சந்துல நாய் போகாது.

இங்கிலாந்தோட வடக்க, லேக் டிஸ்ட்ரிக்ட்னு ஏரியும் மலையுமா இருக்குற பக்கம் கதை வேற, அங்க மண்ணு கம்மி, பாறைக் குவியல் தான், கடப்பாரையே வேலைக்கு ஆகாது, உள்ள சிக்கின நாய எடுக்க ஆளுங்க நாள் கணக்குல கல்லப் புரட்டின கதையெல்லாம் உண்டு.

(திரையில்: கையில மடிச்ச ஒரு பேப்பர்)

சட்டம். நாய வச்சுக் காட்டு மிருகத்த வேட்டையாடக் கூடாதுன்னு 2004ல வந்த ஹண்டிங் ஆக்ட், 2005 பிப்ரவரி 18ல இருந்து இங்கிலாந்து, வேல்ஸ்ல அமல், டெரியருக்கு மட்டும் சில நிபந்தனையோட ஒரு விலக்கு இருக்கு. அதுக்கப்புறம் ஒரு நேரத்துல ஒரே ஒரு நாய் தான் மண்ணுக்கடியில போகலாம், நிலம் தன்னோடதுன்னு எழுத்துல ஆதாரமோ, இல்லன்னா அந்த நிலத்த வச்சிருக்கிறவர் அனுமதி குடுத்ததுக்கு எழுத்துல ஆதாரமோ கையில இருக்கணும், போலீஸ் கேட்டா அங்கயே காட்டணும், வெளிய வர்ற நரிய தாமதிக்காம சுடத் தெரிஞ்ச ஆள் நிக்கணும். வேடிக்கை என்னன்னா, இந்த விலக்கு சுடுறதுக்காக வளக்குற, பாதுகாக்குற பறவைங்கள காப்பாத்த மட்டும் தான். ஆட்டுக்குட்டிய நரி தூக்குதுன்னு அழுற விவசாயி அதச் சொல்லி நாய வளைக்குள்ள விட முடியாது, ஃபெசன்ட்னு சுடுறதுக்குன்னே ஒரு பறவைய வளக்குற எஸ்டேட்காரர் விடலாம். இது எனக்கு இன்னும் ஜீரணிக்கல.

நரி பக்கமும் சொல்லிரணும். 2000ல அரசாங்கம் போட்ட பர்ன்ஸ் கமிட்டி இதயெல்லாம் ஆராய்ஞ்சப்ப, தோண்டி எடுத்துச் சுடுறது நரிக்குக் கடுமையான பாதிப்புன்னு எழுதினாங்க, ஏன்னா நேரம் ஆகுது, ஓட வழியும் இல்ல. அத மறுக்குறது கஷ்டம். குரைக்கிற நாய் வச்சு ஓட விட்டுச் சுடுறதும், முரட்டு நாய உள்ள விட்டுட்டு மேல நின்னு கேக்குறதும் ஒண்ணுன்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன், ஆனா முதல் வகைக்குள்ளயும் அந்தக் காத்திருப்பு இருக்கு.

(திரையில்: முதல் வளை, சாயங்காலம்)

நாம ஆரம்பத்துல பாத்த நாய் உள்ள போய் கொஞ்ச நேரம் ஆச்சு. குரைப்பே வரல. இப்போ பாருங்க, பின்னாடியே நகர்ந்து வெளிய வருது, மூக்கெல்லாம் மண்ணு, ஒரு தடவ உதறிட்டு அடுத்த வேலியப் பாத்து நடக்குது. உள்ள யாரும் இல்ல. நிறைய நாள் இப்படித் தான்.